மேலே காட்டிய கை

கொங்கிரீட் போட்ட நாளை றாபியா ஒரு கல்யாண நாளைப் போலத்தான் நடத்தினாள். விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு அடுப்பைப் பற்றவைத்து, வேலைக்கு வருகிற அத்தனை பேருக்கும் பெரிய தாச்சியில் சோறும் பருப்பும் கோழிக்கறியும் ஆக்கினாள். வெயில் ஏறினால் கலவை சமன் செய்வதற்கு முன்னாலேயே இறுகிவிடும் என்று, வீட்டு வேலையைப் பொறுப்பெடுத்திருந்த மேசன் நடராஜா பாஸ் முந்தின நாளே சொல்லியிருந்தார். அதனால் பனி விலகுவதற்குள் மிக்சர் மெஷினைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கிவிட்டார்கள். தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து வந்த ஆட்கள் வரிசையாக நின்று, தாச்சி தாச்சியாகக் கலவையைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். கருங்கல் சல்லி சூடேறாமல் இருக்க ஒருத்தர் ஓயாமல் அதன்மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பலாபத்வலைச் சந்தி வரைக்கும் மெஷின் சத்தம் கேட்டிருக்கும்.

தேசிக்காய் மரத்து நிழலில் சக்கர நாற்காலியில் ஜிப்ரியை உட்கார வைத்திருந்தார்கள். றாபியாவின் கணவர். பாரிசவாதம் வந்து ஒரு வருசம் கழிந்திருந்தது. வலது கையும் காலும் போய்விட்டன. அவற்றோடு பேச்சும் போய்விட்டது. அன்றைக்கு அவர் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது. மேலே ஆட்கள் கூவிக்கூவி வேலை செய்வதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசித் தாச்சிக் கலவையும் ஏறி, நடராஜா பாஸ் மட்டப்பலகையை இழுத்து மேற்பரப்பைச் சமன் செய்து நிமிர்ந்தபோது, ஜிப்ரி இடது கையை உயர்த்தி மேலே காட்டினார். கோணிப்போன வாயால் சிரித்தார்.

"பாருங்க அக்கா, நானாவுக்கு எவ்வளவு சந்தோசம்!" என்று பாஸ் மேலிருந்தே சத்தம் போட்டார்.

றாபியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய்க் கணவரின் உயர்ந்த கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓம், ஓம். மகளுக்கு மேல் வீடு எழும்புது. நீங்க ஆசப்பட்ட மாதிரியே" என்றாள்.

ஜிப்ரி உண்மையிலேயே அதற்கு ஆசைப்பட்டவர்தான். நல்லா இருந்த காலத்தில் சின்ன பட்டா லொறியை எடுத்துக்கொண்டு பல்லேபொலைப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் மிளகும் கராம்பும் வாங்கிவந்து விற்ற மனிதர். வாய்தான் அவருக்கு மூலதனம். எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும், சிங்களத்திலும் தமிழிலும் கதை பேசி, பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் தராசைத் தூக்குவார். அப்படிப்பட்டவருக்கு இப்போது "ம்மா" என்ற ஒற்றைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் வரவில்லை. பசிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். கேள்வி கேட்டால் தலையை ஆட்டுவார். ஆனால் ஆம் என்பதற்கும் ஆட்டுவார், இல்லை என்பதற்கும் ஆட்டுவார். "அவருக்குள்ள எல்லாம் இரிக்கு. வெளிய வார வழிதான் அடைபட்டுப் போச்சு" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரே மகள் ஸஹ்னா. அவளுக்கு அன்ஸாப் என்ற பையனைப் பேசி முடித்திருந்தார்கள். கட்டாரில் வேலை. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் வந்து நிக்காஹ் முடிப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம் என்பதால் புதுக் குடித்தனத்துக்கு ஒரு மாடி வேண்டியிருந்தது. ஜிப்ரி கீழே விழுந்த பிறகு வீட்டில் எல்லா முடிவும் றாபியாவின் தலையில். அவள் தயங்கவில்லை. வீட்டின் முன்பாதி ஓட்டுக்கூரையைக் கழற்றிவிட்டு கொங்கிரீட் ஸ்லெப் போடுவது, பின்பாதியை அப்படியே விடுவது, மாடிப்படியை மேற்குச் சுவரோடு ஒட்டி வெளியே இறக்குவது, அதற்கு இடைஞ்சலாக நின்ற ஈரப்பலா மரத்தை வெட்டுவது என்று ஒவ்வொன்றையும் அவளே நின்று பேசி முடித்தாள். படி இறங்கியபோது முன்னறையின் மேற்கு ஜன்னல் முக்கால்வாசி மூடிப்போனது. "லைட்டப் போட்டுக்கிட்டா சரிதானே" என்றாள்.

கொங்கிரீட் போட்ட மறுநாள் பாஸ் வந்து ஸ்லெப்பின் ஓரம் முழுக்க மண் வரம்பு கட்டி, உள்ளே தண்ணீர் நிரப்பினார். "இந்த ஊர் வெயிலுக்கு இது காஞ்சிறக் கூடாது அக்கா. காஞ்சா வெடிச்சிரும். குழந்தைக்குப் பால் குடுக்குற மாதிரி நேரத்துக்கு நேரம் தண்ணி விடணும்" என்றார். றாபியா விட்டாள். ஒருநாள் கூடத் தவறவில்லை. மோட்டரைப் போட்டுவிட்டு, ஏணியில் ஏறி நின்று, தண்ணீர் எல்லா மூலைக்கும் போகிறதா என்று பார்ப்பாள். வேலி ஓரத்தில் போகிறவர்கள் "றாபியா ஆம்பள மாதிரி நின்டு வீடு கட்டுறா" என்று சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அதில் அவளுக்குப் பெருமைதான்.

அந்த நாட்களில் ஜிப்ரி படுத்திருந்தது பின்னால் இருந்த சாமான் அறையில். ஒரு காலத்தில் மிளகுச் சாக்குகள் அடுக்கியிருந்த அறை அது. பழைய ஓட்டுக்கூரை, கம்பி மட்டும் போட்ட பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வாழைக் கூட்டம். முன்னறையில் ஸ்லெப்பைத் தாங்கும் முட்டுகள் காடு மாதிரி நின்றதால் வேறு வழி இருக்கவில்லை. ஆனால் றாபியாவுக்கு அது பெரிய மானப்பிரச்சினையாக இருந்தது. அவரைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வருகிறவர்கள் குசினியைக் கடந்து, பழைய சாக்குகளுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவில் வந்து நிற்கவேண்டியிருந்தது. ஒருநாள் பள்ளிவாசல் ஆள் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதாக அவளுக்குப் பட்டது. உண்மையில் அவருக்குச் சளித் தடிமன் பிடித்திருந்திருக்கலாம். இருந்தாலும் அன்றைக்கே அவள் மனதில் ஒரு முடிவு விழுந்தது. வேலை முடிந்ததும் வீட்டிலேயே நல்ல அறை அவருக்குத்தான்.

முட்டுகளைக் கழற்றி, ஸ்லெப்பின் அடிப்பக்கத்தைப் பூசி, வெள்ளை பெயின்ட் அடித்து, தரைக்கு மாபிள் பதித்த பிறகு முன்னறை ஆஸ்பத்திரி வார்ட்டைப் போலப் பளிச்சென்று ஆனது. புதுத் திரைச்சீலை, புது ஃபேன். ஜிப்ரியைக் கட்டிலோடு கொண்டுவந்து அங்கே விட்டார்கள். அவருடைய தங்கச்சி ஜெஸீமா பல்லேபொலையிலிருந்து பார்க்க வந்தவள் வாசலில் நின்றபடியே, "மாஷா அல்லாஹ்! நானாவ ராஜா மாதிரி வெச்சிரிக்கீங்க மதினி" என்றாள்.

மேல் வீட்டுச் சுவர்களை உடனே எழுப்பவில்லை. நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அது முடிந்தால் புதுவருசம், வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். "எல்லாம் முடியட்டும் பாஸ், ஒரே மூச்சா எழுப்பிருவோம்" என்றாள் றாபியா. பாஸும் சரி என்றார். மண் வரம்பை இடித்துத் தண்ணீரை வடித்துவிட்டுப் போனார். வெறும் ஸ்லெப் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

மாசிக் கடைசியில் வெயில் பிடித்தது. அந்த வருசத்து வெயில் சாதாரண வெயில் இல்லை. காற்று அசையவே இல்லை. உடம்பில் வியர்வை காய்வதற்கு இடமில்லாமல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருந்தது. தம்புள்ளைப் பக்கமிருந்து வருகிற மரக்கறி லொறிகளில் ஆட்கள் சட்டையில்லாமல் உட்கார்ந்து போனார்கள். றாபியாவும் ஸஹ்னாவும் ஓடு போட்ட நடு அறையில், பின்கதவைத் திறந்துவைத்துப் படுத்துக்கொண்டார்கள். ஜிப்ரிக்கு ஃபேன் முழுவேகத்தில் சுற்றியது. அவருக்குச் சாப்பாடு ஊட்டும்போதும் துணி மாற்றும்போதும் றாபியா முந்தானையால் முகத்தைத் துடைத்து, "என்ன வெயில் இது, ஊரே வேகுது" என்பாள். வேலை முடிந்ததும் பின்பக்கம் போய்விடுவாள்.

அவர் கையை மேலே காட்டத் தொடங்கியது அப்போதுதான்.

பகல் சாய்ந்த பிறகுதான் அது கூடும். இடது கையைத் தூக்கி, விரலை நீட்டி, மேலே காட்டுவார். "ம்மா... ம்மா..." என்பார். கை தளர்ந்து நெஞ்சில் விழும். திரும்பவும் தூக்குவார்.

முதல்நாள் அதைப் பார்த்ததும் றாபியாவுக்கு ஒரே சந்தோசம். "ஸஹ்னா, ஓடி வா! வாப்பா மேல் வீட்டக் கேக்கிறார்!" என்று கூப்பிட்டாள். ஸஹ்னா ஓடிவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மேல் வீடு எப்ப முடியும்டு கேக்கிறீங்களா வாப்பா? பெருநாள் முடிய மேல ரெண்டு ரூம், ஒரு ஹோல் வரும். நீங்கதான் ஒசக்க வந்து பிஸ்மி சொல்லித் திறந்து வெக்கணும்."

ஜிப்ரி அவளையே பார்த்தார். பிறகு மறுபடியும் கையைத் தூக்கினார். ஸஹ்னா ஃபோனை எடுத்து அதை வீடியோ பிடித்து அன்ஸாபுக்கு அனுப்பினாள். அவன் குடும்ப குரூப்பில் போட்டான். கட்டாரிலும் கண்டியிலும் பல்லேபொலையிலும் இருந்த சொந்தங்களெல்லாம் இதயப் படங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். 'பேச்சில்லாவிட்டாலும் மகளின் வீட்டை நினைக்கும் தகப்பன்' என்று யாரோ எழுதினார்கள்.

அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவருக்கும் றாபியா அதைச் சொல்லாமல் விடவில்லை. அவர் கையைத் தூக்கினால் போதும், "பாருங்க, பாருங்க, ஸ்லெப்பக் காட்டுறார். அவருக்கு எந்நேரமும் அதே நெனப்பு" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள், துஆ கேட்பார்கள். ஜெஸீமா ஒருநாள் வந்திருந்தபோது அவர் கையைக் காட்டிக்காட்டிக் களைத்து, கடைசியில் கண்ணீர் வடித்தார். இரண்டு கன்னத்திலும் வழிந்து காதுக்குள் இறங்கியது. ஜெஸீமா தன் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "மகள நெனச்சி சந்தோசத்துல அழுறார் மதினி" என்றாள். றாபியாவும் அதைத்தான் நம்பினாள். நம்புவதற்கு அது அவ்வளவு இதமாக இருந்தது.

நோன்பு தொடங்கியதும் வீட்டில் வேலை கூடிவிட்டது. ஜிப்ரி சாப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது. கஞ்சியை வாயில் வைத்தால் நாக்கால் வெளியே தள்ளுவார். முதுகெல்லாம் வேர்க்குரு சிவந்து, சில இடங்களில் தோல் உரிந்தது. படுத்தே கிடப்பதால் வருவது என்று நினைத்து மருந்து வாங்கிப் பூசினாள். பகலில் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக் கிடப்பார். கூப்பிட்டால் மெதுவாகத்தான் திறப்பார். "இந்த நோய் அப்பிடித்தான், கூடும் குறையும்" என்று எல்லாரும் சொன்னார்கள்.

நோன்பு பாதி கடந்த ஒரு நாள், நண்பகல் லுஹர் தொழுது முடித்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ரோட்டில் லைன் வேலை நடப்பதாகச் சொன்னார்கள். ஸஹ்னா மாத்தளைக்குப் போயிருந்தாள். ஃபேன் நின்றுவிட்டதே, அவருக்கு வியர்க்குமே என்று றாபியா ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த சூட்டில் ஒரு கணம் நின்றுவிட்டாள். பாண் சுடுகிற போறணை வாசலில் நிற்பது போல் இருந்தது. கட்டிலின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து விசிற ஆரம்பித்தாள். விசிறினாலும் வருகிற காற்று சூடாகவே வந்தது. அவளுக்கு நோன்பு. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் உச்சந்தலையில் யாரோ சூடான கையை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு உணர்வு. நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளை வெளேரென்று ஸ்லெப். அதில் ஃபேன் கொழுவியிருந்த இடத்தருகே ஒட்டடை தொங்கிக்கொண்டிருந்தது.

கரண்ட் வருவதற்குள் இதையாவது அடித்துவிடலாம் என்று எழுந்தாள். மேசையை இழுத்துப் போட்டு, அதன்மேல் முக்காலியை வைத்து, சுவரைப் பிடித்து ஏறினாள். ஏறஏறச் சூடு தடித்துக்கொண்டே வந்தது. மேலே போய் நிலை தடுமாறியபோது, விழாமலிருக்க உள்ளங்கையைத் தூக்கி ஸ்லெப்பில் ஊன்றினாள்.

"அல்லாஹ்!" என்று கையை உதறி எடுத்துவிட்டாள். ரொட்டி சுட்டு இறக்கிய சட்டியைத் தொட்டது போல் இருந்தது.

அப்படியே குனிந்து கீழே பார்த்தாள். ஜிப்ரி கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லிய பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. தலையணையில் தலை கிடந்த இடம் நனைந்து கருத்திருந்தது. அவர் இடது கையைத் தூக்கினார். விரலை நீட்டி, அவள் கை பட்ட அந்த இடத்தை நேராகக் காட்டினார். பிறகு அந்தக் கையைத் தன் நெஞ்சுக்குக் கொண்டுபோய், நெஞ்சின்மேல் கிடந்த துணியைப் பிடித்து இழுத்தார், கழற்ற முயல்பவர் போல.

றாபியா எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கட்டிலின் பக்கத்தில் மாபிள் தரையில் முழங்காலில் விழுந்து, அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"சூடா? சூடுதான்டு சொன்னீங்களா? இவ்வளவு நாளும் இதத்தானா சொன்னீங்க?"

அவர் தலையை ஆட்டவில்லை. எதற்கும் ஆட்டுகிற தலை அன்று ஆடவில்லை. கையை எடுத்துத் தன் கண்களின் மேல் வைத்துக்கொண்டார். அந்தக் கைக்குக் கீழே உதடு மட்டும் அசைந்தது.

அவள் வேலிக்கப்பால் இருந்தவர்களைக் கூப்பிட்டு, அந்தச் சுட்ட வெயிலிலேயே கட்டிலைத் தூக்கிப் பின்னறைக்குக் கொண்டுபோனாள். சாக்குகளை எடுத்து வெளியே எறிந்தாள். ஜன்னலை மறைத்து நின்ற உடைந்த நாற்காலிகளை இழுத்துத் தள்ளினாள். வாழைக்கூட்டத்திலிருந்து வந்த காற்று பட்டதும் ஜிப்ரி நீளமாக ஒரு மூச்சு விட்டார். அவள் துணியை நனைத்து அவர் உடம்பைத் துடைக்கத் துடைக்க, அவர் அப்படியே தூங்கிப்போனார். குழந்தை தூங்குவது போன்ற தூக்கம். றாபியா அவர் காலடியில் உட்கார்ந்து, வந்துபோன ஆட்களையெல்லாம் ஒவ்வொருவராக நினைத்தாள். அவர்கள் சிரித்ததையும், தான் சிரித்ததையும்.

ஸஹ்னா வந்து, "ஏனும்மா வாப்பாவ இங்க கொண்டுவந்தீங்க?" என்று கேட்டாள்.

"அங்க காத்து இல்ல மகள்" என்றாள் றாபியா. மேலே சொல்ல வாய் திறந்தாள். மகளின் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள். அதன் முகப்பிலேயே வாப்பா கை காட்டுகிற அந்தப் படம்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

பின்னறையில் ஜிப்ரிக்கு நல்ல நாட்கள் சில கிடைத்தன. கஞ்சி குடித்தார். வேர்க்குரு வாடியது. பெருநாளன்று புதுச் சாரன் உடுத்தி, வட்டிலப்பம் ஒரு கரண்டி சாப்பிட்டார். கையை மேலே தூக்கவே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க றாபியாவுக்கு நெஞ்சு பொருமியது. அவர் இன்னும் தூக்கியிருந்தால், அவர் காட்டியது சூட்டை இல்லையோ என்று அவள் கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

புதுவருசத்துக்கு ஊருக்குப் போகுமுன் நடராஜா பாஸ் ஸ்லெப்பைப் பார்க்க வந்தார். மேலே ஏறி நடந்து பார்த்துவிட்டு இறங்கி, "ஒரு வெடிப்பில்ல அக்கா. கல்லு மாதிரி நிக்குது" என்றார்.

"பாஸ், அந்த ரூம் அப்பிடிக் கொதிக்கும்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றாள் றாபியா. குரலில் கோபம் வைக்க நினைத்தாள், வரவில்லை.

அவர் தலையைச் சொறிந்தார். "மேல கட்டிட்டா வெயில் படாதுங்க, தன்னால குளுந்துரும். எல்லா வீட்லயும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், யாரும் பெருசா நெனக்கிறதில்ல. நானா அதுக்குள்ளதான் பகல் முச்சூடும் கெடந்தார்னு எனக்குத் தெரியாதுங்க." "எனக்கும் தோணியிருக்கணும். தென்னோலைக் கெடுகு வாங்கியாந்து மேல பரப்பி விட்டுட்டுப் போகட்டுங்களா?"

"இனி எதுக்கு? அவர் இப்ப அங்க இல்லயே."

பாஸ் பின்னறைக்குப் போய் ஜிப்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஜிப்ரி அவரைப் பார்த்துச் சிரித்தார். போகும்போது பாஸ் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்.

அந்தக் கிழமைக் கடைசியில் ஜிப்ரிக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. மாத்தளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பில் எதிர்ப்பதற்குச் சக்தி இல்லை, முன்னமே நன்றாக வாடிப்போயிருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். 'எதனால் வாடினார்?' என்று கேட்க றாபியாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. இல்லை, அது அந்தச் சூட்டினால் அல்ல என்று டாக்டர் சொல்லியிருக்கலாம். ஆம் என்றும் சொல்லியிருக்கலாம். அந்த இரண்டாவதைக் கேட்டுக்கொண்டு அவளால் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்க முடியாது. சித்திரை மழை இடியோடு கொட்டிய ஒரு பின்னேரம், ஜிப்ரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் மௌத்தானார்.

ஜனாஸாவுக்கு வந்த சனம் ஒழுங்கை நிறைந்து வீதிவரை நின்றது. பல்லேபொலையிலிருந்து அவரிடம் மிளகு விற்ற சிங்களக் கிழவிகள்கூட வந்து அழுதார்கள். வந்தவர்களெல்லாம் றாபியாவைக் கட்டிப்பிடித்து ஒன்றையே சொன்னார்கள்: "நீங்க பாத்த மாதிரி யாரு பாப்பாங்க? ஒரு குறையும் வெக்கல்ல." ஒருத்தராவது குற்றம் சொன்னால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. யாரும் சொல்லவில்லை.

கணவரை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கிற இத்தாவுக்கு எந்த அறை என்று பேச்சு வந்தபோது, நடு அறையில் இருக்கட்டும் என்றாள் ஜெஸீமா. றாபியா முன்னறையில்தான் இருப்பேன் என்றாள்.

"அது வேகுதும்மா!" என்றாள் ஸஹ்னா. வாப்பா போன பிறகுதான் அவள் அந்த அறைக்குள் கொஞ்ச நேரம் இருந்து பார்த்திருந்தாள்.

"வேகட்டும்."

"ஏன்டுதான் சொல்லுங்களேன்."

"வாப்பா இருந்த ரூம் மகள்."

நானாவின்மேல் மதினிக்கு எவ்வளவு பாசம் என்று ஜெஸீமா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

வெள்ளைச் சீலையோடு றாபியா அவருடைய கட்டிலிலேயே படுத்தாள். ஃபேனைப் போடவில்லை. பின்னேரமானால் ஸ்லெப் சூட்டைக் கக்கத் தொடங்கும். வெளியே வெயில் தணிந்து மற்றவர்கள் முற்றத்தில் காற்று வாங்குகிற நேரத்தில்தான் உள்ளே அது கூடும். இது அவளுக்கு முன்பு தெரியாது. அந்த நேரத்தில் அவள் எப்போதும் குசினியில் இருந்திருக்கிறாள். நாக்கு வறளும். பக்கத்தில் தண்ணீர் இருக்கும், தானே எடுத்துக் குடிக்க அவளுக்குக் கையும் இருந்தது. புரண்டு படுக்க முடிந்தது. எழுந்து கதவைத் திறக்க முடிந்தது. 'இது அவர் பட்டதில் பாதி கூட இல்லை' என்று நினைத்துக்கொள்வாள். பிறகு, இப்படிக் கிடப்பதால் அவருக்கு என்ன லாபம் என்றும் நினைப்பாள். தஸ்பீஹ் மணிகளைத் தடவிக்கொண்டு படுத்திருப்பாள்.

துக்கம் விசாரிக்க வருகிற பெண்கள் ஃபோனை எடுத்து அந்த வீடியோவை அவளுக்கே காட்டுவார்கள். "பாருங்க, எவ்வளவு ஆசையோட காட்டுறார்." அவள் திரையைப் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, ஃபோனைப் பிடித்திருக்கும் விரல்களைப் பார்ப்பாள். ஸஹ்னாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை நினைத்தாள். ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"மகள், வாப்பா மேல காட்டினாரே..."

ஸஹ்னாவின் கண் உடனே கலங்கியது. "அத நெனச்சாத்தான் உம்மா எனக்கு இந்தக் கல்யாணத்துக்கே மனசு வருது. இல்லாட்டி வாப்பா இல்லாம எப்பிடி? அவர் ஆசப்பட்டு வெச்சிட்டுப் போன வீடு அது."

றாபியா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். "ஓம். அதத்தான் சொல்ல வந்தேன்" என்றாள். அதோடு அந்தப் பேச்சை வாழ்நாளுக்கும் முடித்துவிட்டாள். மகள் அந்த வீட்டில்தான் வாழவேண்டும், அங்கேதான் பிள்ளை பெறவேண்டும். அவள் காலடியில் இதைப் போட்டுவிட்டு, தன் சுமையை இறக்கிக்கொள்வது சரியில்லை என்று பட்டது.

நிக்காஹை இத்தா முடியும்வரை தள்ளிவைத்தார்கள். நடராஜா பாஸ் ஆட்களோடு திரும்பி வந்து மேல்வீட்டு வேலையைத் தொடங்கினார். கல்லு இறக்குகிற சத்தமும் கரண்டி உரசுகிற சத்தமும் தலைக்கு மேல் நாள் முழுக்கக் கேட்டன. சுவர்கள் எழும்பின. மேலே குறுக்குச் சட்டங்கள் ஏறின. ஒருநாள் காலையில் கூரைத் தகடு அடிக்கிற சத்தம் பலமாகக் கேட்டது. லுஹருக்கு முன்பே நின்றுபோனது.

அன்று பின்னேரம் றாபியா வழக்கம்போல அந்தச் சூட்டுக்குக் காத்துக்கொண்டு படுத்திருந்தாள். அது வரவில்லை. எழுந்து, பழையபடி மேசையை இழுத்து, முக்காலியை வைத்து ஏறினாள். உள்ளங்கையை ஸ்லெப்பில் வைத்தாள். வெதுவெதுப்பு மட்டும்தான். அதுவும் போய்க்கொண்டிருந்தது. காலையில் ஏறிய தகடுகளின் நிழல் விழுந்ததற்கே இது. ஒரு நிழல்தான் வேண்டியிருந்தது. கையை எடுக்காமலே நின்று அழுதாள். ஜனாஸாவன்றுகூட வராத அழுகை, அடிவயிற்றிலிருந்து வந்தது.

சத்தம் கேட்டு ஸஹ்னா ஓடிவந்தாள். உம்மா மேசைக்கு மேல் நிற்பதைப் பார்த்துப் பயந்து காலைப் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா? விழப் போறீங்க, இறங்குங்க! என்ன செய்யுது?"

"ஒண்டுமில்ல. குளுந்திரிக்கு."

"ஓம், தகடு போட்டதால. இனி வீட்டுலயே இதுதான் குளிர் ரூம்டு பாஸ் சொல்றார். நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றாள் றாபியா. மகளின் தோளைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். இறங்கியதும், அவருக்குக் கிடைக்காத அந்தக் குளிர்ச்சியில் படுக்க மனமில்லாமல், கட்டிலைப் பின்னறைக்கு எடுத்துப்போக ஆள் கூப்பிடச் சொன்னாள். இத்தாவின் மிச்ச நாட்களை அங்கேயே இருந்து முடித்தாள்.

நிக்காஹ் முடிந்த பிறகு முன்னறையை ஸஹ்னாவும் அன்ஸாபும் விருந்தாளிகளுக்கு வைத்துக்கொண்டார்கள்.